தீமைக்குப் பகரமாக நன்மை
(ஜுமுஆ உரையின் சுருக்கம்)

 

நம் ஜமாஅத்தாரில் பெரும்பாலோர் பிறரிடம் ஊழியம் புரிபவர்கள். ஜவுளிக் கடையோ, மளிகை மண்டியோ, வளைகுடா நாட்டுக் கிடங்கோ, எங்கிருப்பினும் உடன் பணியாற்றுபவரின் கடுஞ்சொல்லைப் பற்றிய முறையீடு என் செவிக்கு வராத வாரமில்லை. "ஹஜ்ரத், அவர் வேறு கிளைக்கு மாறிப்போக துஆச் செய்யுங்கள்" என்கிறார்கள். துஆவிற்குத் தடையில்லை. ஆயினும், அதற்கு முன் நாம் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு.

திருக்குர்ஆனின் 41ஆம் அத்தியாயம் 34ஆம் வசனத்தில், தீமையை அழகிய முறையில் எதிர்கொள்ளுமாறு அல்லாஹ் பணிக்கின்றான். அப்போது பகைவரும் உற்ற நண்பரைப் போல் ஆகிவிடுவார் என்கின்றான். இவ்வசனத்தை மேடைதோறும் ஓதும் நாம், அடுத்த வசனத்தை விரைந்து கடந்து விடுகிறோம். பொறுமையாளருக்கன்றி இப்பண்பு வாய்க்காது என்பதே அதன் கருத்து.

ஸஃப்வான் பின் உமைய்யா குறைஷித் தலைவர்களுள் ஒருவர். அவருடைய தந்தை பத்ருப் போரில் மாண்டவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் காட்டிலும் தமக்கு வெறுப்பானவர் எவருமில்லை என்றிருந்தவர் அவர். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ஹுனைன் போருக்குப் பின், நபியவர்கள் அவருக்கு நூறு கால்நடைகளை வழங்கினார்கள். பின்னர் மேலும் நூறு, பின்னர் இன்னும் நூறு. இறுதியில் அவர்களே தமக்கு மிகவும் பிரியமானவராகி விட்டதாக ஸஃப்வான் அவர்களே கூறியுள்ளது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

முந்நூறு கால்நடைகளுக்கு நாம் எங்கே செல்வது என்று கேட்பீர்கள். நன்மை எதனையும், சகோதரரை மலர்ந்த முகத்துடன் சந்திப்பதாயினும், அற்பமாகக் கருத வேண்டாமென அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் உபதேசித்த செய்தியும் அதே நூலில்தான் உள்ளது.

நம் மஹல்லா இளைஞர் ஒருவர் ஜவுளிக் கடையொன்றின் கிடங்கில் பணியாற்றுகிறார். தம் பெயரைக் கூற வேண்டாமெனக் கேட்டுக்கொண்டார். அங்குள்ள மூத்த ஊழியர் மாற்றுமதச் சகோதரர். இவர் கொண்டுசெல்லும் ஒவ்வொரு துணிக்கட்டையும் தூக்கியெறியாத குறையாக ஏசுவாராம். பலகாலம் மனம் வெந்த இளைஞர், ஒருநாள் ஒன்றைக் கவனித்தார். பெரியவர் விலைச்சீட்டைக் கண்ணருகே கொண்டு செல்கிறார். பிறகு தூரத்தில் பிடிக்கிறார். அதன் பின்னரே ஏச்சு தொடங்குகிறது. பார்வை மங்கிவிட்டது. அது முதலாளிக்குத் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்ற அச்சமே கோபமாக வெளிப்பட்டிருக்கிறது.

இளைஞர் எவரிடமும் வாய் திறக்கவில்லை. மறுநாள் முதல் ஒவ்வொரு கட்டின் மீதும் எண்ணிக்கையையும் விலையையும் கட்டை விரலளவு எழுத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டினார். ஒரு வாரம் பெரியவரும் ஒன்றும் கூறவில்லை. இதனைப் பிறர் முன்னிலையில் சொல்லிக்காட்டியிருந்தால் அது உபகாரமாகாது, அவமானமாகவே முடிந்திருக்கும். கணக்கில் மோசடி செய்பவருக்குத் துணை போவதையும் இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நற்குணமன்று, குற்றம்.

இரண்டாம் வாரத்தில் பெரியவர், "தம்பி, சாப்பிட்டாயா?" என்று கேட்டாராம். இப்போது துணியைத் தொட்டே நூலின் தரமறியும் வித்தையை இவருக்குக் கற்றுக்கொடுக்கிறார். மூக்குக் கண்ணாடியும் வாங்கிவிட்டார். குரல் மட்டும் இன்னும் தாழவில்லையாம்.