செல்போனுக்கும் விதைநெல் வேண்டும்

(வானொலியில் ஒலிபரப்பான உரை)



நான் மைக் முன்னால் உட்கார்ந்தால் குருத்துப்பூச்சி, மேலுரம், வாழைக்கு முட்டுக் கொடுப்பது என்றுதான் பேசுவது வழக்கம். இன்றைக்குப் பேசப் போவது உங்கள் சட்டைப் பையிலும் சுருக்குப் பையிலும் இருக்கிற செல்போனைப் பற்றி. "அதுக்கும் வயலுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன், கேளுங்கள்.

2023ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி ஊருக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு ஆற்றங்கரை ஊர் ஒன்றுக்குப் போயிருந்தேன். வாழையெல்லாம் சாய்ந்து கிடக்கிறது. தோட்டக்கார அண்ணாச்சி சேறு அப்பிய செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"எல்லாம் இதுக்குள்ளதான் சார் இருந்துச்சு. கன்னு வாங்குன ரசீது, இன்சூரன்ஸ் கட்டுன சீட்டு, குலை தள்ளி நின்ன தோட்டத்துப் படம், எல்லாத்தையும் போட்டோ புடிச்சு வச்சிருந்தேன்."

"காகிதம் எங்கே அண்ணாச்சி?"

"பீரோவுல இருந்துச்சு. நனைஞ்சு கூழாப் போச்சு."

"போனில் கூகுள் கணக்கு ஒன்று இருக்குமே. படங்கள் அதில் போய்ச் சேர்ந்திருக்கலாம். கணக்குப் பேர் என்ன?"

"போன் வாங்குன கடையில ஒரு தம்பி ஏதோ போட்டுத் தந்தான் சார். என்ன பேரு போட்டானோ, யாரு கண்டா!"

அந்தத் தம்பி கடையை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. கணக்கின் பேரும் தெரியவில்லை, கடவுச்சொல்லும் தெரியவில்லை. களஞ்சியம் எங்கேயோ இருக்கிறது, சாவியைக் காணோம்.

அதே தெருவில் ஒரு அம்மா. அவர் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர், அவர் போனும் போய்விட்டது. ஆனால் அந்த அம்மாள் பட்டா, சிட்டா, ரசீது எல்லாவற்றுக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, மகளைக் கட்டிக்கொடுத்த ஊரில் கொடுத்து வைத்திருந்தார். தோட்டத்தில் எடுக்கிற படத்தையும் அன்றன்றைக்கே மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாராம். பஸ் ஓடத் தொடங்கியதும் மகள் ஒரு பையோடு வந்து இறங்கினாள். நான் ஆச்சரியப்பட்டதற்கு அந்த அம்மாள் சொன்னார்: "நான் படிக்காதவ சார். எதையும் ரெண்டு எடத்துல வச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

விவசாயப் பெருமக்களே, இதைத்தான் கம்ப்யூட்டர்காரர்கள் 'பேக்கப்' என்கிறார்கள். நமக்கு இது புதிதல்ல. விதைநெல்லை மொத்தமாக ஒரே குதிரில் கொட்டி வைப்போமா? கொஞ்சத்தைத் தனிக் கோட்டையாகக் கட்டி வைப்போம், கொஞ்சத்தைப் பங்காளி வீட்டில் கொடுத்து வைப்போம். செல்போனில் இருக்கிற ரசீதும் படமும் நம்பரும் விதைநெல் மாதிரிதான். 3 பிரதி இருக்க வேண்டும். அவை 2 வகையான இடத்தில் இருக்க வேண்டும். அதில் 1 பிரதி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இந்த 3, 2, 1 கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, கணக்கு யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். போனில் அமைப்புகள் என்ற பகுதியைத் திறந்தால் கூகுள் கணக்கின் பேர் தெரியும். படித்த பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடவுச்சொல் தெரியாவிட்டால், போன் நல்லபடியாக இருக்கும்போதே மாற்றி, உங்கள் நம்பரையும் அதில் சேர்த்துவிடுங்கள். பேரையும் கடவுச்சொல்லையும் ஒரு நோட்டில் எழுதி, பத்திரம் இருக்கிற பெட்டியில் வையுங்கள். ஏ.டி.எம். ரகசிய எண்ணை மட்டும் போன் உறையில் எழுதி வைக்கிற வேலை வேண்டாம்.

இரண்டாவது, பேக்கப் ஓடுகிறதா என்று பாருங்கள். கூகுள் கணக்கில் இலவசமாக 15 ஜிபி இடம் தருகிறார்கள். படம், மெயில், வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் அந்த ஒரே இடத்தில்தான் சேரும். தினமும் வருகிற 'காலை வணக்கம்' படங்களும் சினிமாத் துண்டுகளும் களை மாதிரி வளர்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். இடம் நிரம்பினால் பேக்கப் நின்றுவிடும். அதனால் மாதம் ஒரு தடவை களை எடுத்துவிடுங்கள். போன் நம்பர்களையும் சிம் கார்டில் சேமிக்காமல் இந்தக் கணக்கிலேயே சேமித்தால், புதுப் போன் வாங்கும்போது தானாக வந்துவிடும்.

மூன்றாவது, முக்கியமான படங்களைப் பென் டிரைவிலோ வீட்டுப் பிள்ளையின் மடிக்கணினியிலோ ஒரு பிரதி போட்டு வையுங்கள். வெளியூரில் இருக்கிற மகனுக்கோ மகளுக்கோ ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.

எனக்கும் பட்டுத்தான் புத்தி வந்தது. 4 வருஷமாக நான் சேர்த்த பூச்சி, நோய்ப் படங்கள் வாய்க்காலில் விழுந்த போனோடு போயின. ஊருக்கு உபதேசம் செய்கிறவன் தனக்குச் செய்துகொள்ளவில்லை!

அடுத்து, போனில் வைத்துக்கொள்ள வேண்டிய சில செயலிகள்.

தமிழ்நாடு அரசின் 'உழவன்' செயலி 2018இல் வந்தது. மானியத்துக்குப் பதிவு, விதை, உர இருப்பு, சந்தை விலை, வாடகைக்கு இயந்திரம், எல்லாம் அதில் பார்க்கலாம். 'மேகதூத்' செயலியில் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வானிலையும், அதற்கேற்ற பயிர் யோசனையும் வரும். மருந்தடிக்கிற முன்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டால் மழையில் மருந்து கரைந்து போகாது. 'தாமினி' செயலி 20 முதல் 40 கிலோமீட்டர் சுற்றளவில் இடி மின்னல் இருந்தால் எச்சரிக்கும். எச்சரிக்கை வந்தால் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வீடு வந்து சேருங்கள், மரத்தடியில் நிற்காதீர்கள்.

காகிதங்களுக்கு 'டிஜிலாக்கர்'. துறைகள் நேராக அதில் தருகிற ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவை அசலுக்குச் சமமாகச் செல்லும். நீங்களே படம் பிடித்து ஏற்றுகிற காகிதம் வெறும் நகல்தான். ஆனாலும் வெள்ளம் வந்த நாளில் நகலுக்கும் மதிப்பு உண்டு.

பயிர்க் காப்பீடு செய்தவர்கள் ஒன்றை அவசியம் கவனிக்க வேண்டும். அறுத்து வயலில் காயப் போட்ட பயிர் 14 நாளுக்குள் புயல் மழையில் வீணானால், 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். 14447 என்ற எண்ணில் கூப்பிடலாம், 'கிராப் இன்சூரன்ஸ்' செயலியிலும் பதியலாம். அந்த நேரத்தில் ரசீது எங்கே என்று தேடிக்கொண்டிருந்தால் 72 மணி நேரம் 72 நிமிஷமாகப் பறந்துவிடும். வேறு பயிர்ச் சந்தேகம் எதுவானாலும் கிசான் கால் சென்டர், 1800 180 1551. காசு கிடையாது.

ஒரு எச்சரிக்கை. "பி.எம். கிசான் பணம் வந்திருக்கு, இதை அமுக்குங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செயலி வந்தால் அமுக்கவே அமுக்காதீர்கள், அனுப்பியவர் சொந்த மச்சானே ஆனாலும் சரி. அவர் போனையே திருடன் பிடித்து அனுப்பியிருப்பான். செயலி வேண்டுமென்றால் பிளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்கு அந்தப் பணத்தை மறிக்க வழி உண்டு.

போனில் *#06# என்று அடித்தால் 15 இலக்க எண் ஒன்று வரும். அதையும் அந்த நோட்டில் எழுதி வையுங்கள். போன் திருடு போனால் போலீசில் புகார் கொடுத்துவிட்டு, 'சஞ்சார் சாத்தி' மூலம் அந்தப் போனை முடக்க இந்த எண் வேண்டும்.

கடைசியாக ஒன்று. விதை எடுத்து வைத்தால் மட்டும் போதுமா? 100 விதையை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, 80க்குக் குறையாமல் முளைக்கிறதா என்று பார்த்த பிறகுதானே நாற்றங்காலில் போடுகிறோம்? பேக்கப்புக்கும் முளைப்புச் சோதனை உண்டு. வீட்டில் இருக்கிற இன்னொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். போன வாரம் எடுத்த ரசீதுப் படம் அதில் தெரிந்தால் விதை தேறியது. தெரியாவிட்டால் இன்றைக்கே சரி செய்யுங்கள். பார்த்து முடித்ததும் அந்தப் போனிலிருந்து கணக்கை வெளியேற்றிவிடுங்கள்.

இதையெல்லாம் எப்போது செய்வது? அமாவாசை அன்றைக்கு நாம் ஏர் பூட்டுவதில்லை. அன்று சாயங்காலம் அரை மணி நேரத்தைச் செல்போனுக்கு ஒதுக்குங்கள். களை எடுங்கள், பேக்கப் ஓடியதா என்று பாருங்கள், புது ரசீதுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுங்கள்.

அந்த அண்ணாச்சி இப்போது மறுபடி வாழை போட்டிருக்கிறார். போன மாதம் பார்த்தபோது மடியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். முதல் பக்கத்தில் கணக்குப் பேரும் கடவுச்சொல்லும், பேத்தியின் கையெழுத்தில். "இது வீட்டுப் பெட்டியில இருக்க வேண்டியதாச்சே அண்ணாச்சி!" என்றேன். "நீங்க வருவீங்கன்னு காட்டத்தான் சார் கொண்டாந்தேன்" என்றார்.

வாழைக்கு முட்டுக் கொடுப்பது பற்றி அடுத்த முறை பேசுவோம். வணக்கம்.