கூச்சமே பெருந்தடை!



‘பிள்ளை பெற்ற பெண், அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போடத் தடையாக இருப்பது அறியாமையா, கூச்சமா?’ இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார், ‘அறியாமையே, அறியாமையே’ என்று மேசையைத் தட்டிச் சொன்னார். அம்மா, நான் கேட்கிறேன். பிள்ளை பெற்றவளுக்கு நாம் சொல்லாத சங்கதி உண்டா? பூண்டுக் குழம்பு வை, காதில் பஞ்சு வை, தலைக்கு ஊற்றினால் சாம்பிராணி போடு. எதிர்வீட்டுப் பாட்டி வரைக்கும் வந்து சொல்கிறார்கள். ‘அடுத்தது எப்போ? அதுவரைக்கும் என்ன செய்யப் போறே?’ இந்த ஒரு கேள்விக்கு மட்டும் வீடே ஊமையாகிவிடுகிறது!

என் கதையையே சொல்கிறேன். மனைவியிடம் அனுமதி வாங்கிவிட்டேன். இல்லாவிட்டால் இன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு கிடையாது. (சிரிப்பு)

1990களின் கடைசி. மூத்த மகள் பிறந்து ஐந்தாம் மாதம், தாயும் பிள்ளையும் பிறந்த வீட்டிலிருந்து வந்தார்கள். நான் அப்போதே முனைவர். சிவப்பு முக்கோணம் எனக்குத் தெரியாதா? மருந்துக்கடைக்குப் போனேன். ‘என்ன சார் வேணும்?’ என்றார் கடைக்காரர். பக்கத்தில் என் மாணவன் நிற்கிறான். ‘தலைவலி மாத்திரை’ என்றேன். மறுநாள் போனேன். கடையில் அவருடைய அம்மா உட்கார்ந்திருக்கிறார். மறுபடியும் தலைவலி மாத்திரை! ஒரே மாதத்தில் தெருவுக்கே ஆகிற அளவுக்கு மாத்திரை சேர்ந்துவிட்டது. (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறீர்கள். ஆனால் மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது, தண்ணீர்க் குடத்தோடு என் மனைவி வாசற்படியில் மயங்கி விழுந்தாள். ‘பால் கொடுக்கிறேன், மாதவிலக்கும் வரலை, ஒண்ணும் ஆகாது’ என்று நம்பியிருந்தாள். மருத்துவர் சொன்னார்: ‘மறுபடியும் உண்டாகியிருக்காங்க. ரத்தம் ரொம்பக் குறைவா இருக்கு.’ அதற்குப் பிறகு பிரசவம் வரைக்கும் நான் ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அது அவளுடைய திடம். என் கெட்டிக்காரத்தனம் அல்ல.

‘உங்கள் மனைவிக்குத் தெரியவில்லையே, அது அறியாமைதானே’ என்று எதிரணி துள்ளும். சரி, அந்த அறியாமை ஏன் தங்கியது? அவள் தன் அம்மாவைக் கேட்கக் கூச்சப்பட்டாள். அம்மா சொல்லக் கூச்சப்பட்டார். எனக்கோ கூச்சத்துக்கே இன்னொரு முனைவர் பட்டம் தரலாம். அறியாமை பிள்ளை என்றால், கூச்சம்தான் அதைப் பெற்ற தாய்! (கைதட்டல்)

வாய்விட்டுக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? தாய்ப்பால் காப்பது உண்மை. ஆனால் மூன்று நிபந்தனை. குழந்தைக்கு 6 மாதம் முடிந்திருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. ஒன்று தவறினாலும் காவல் போச்சு! கருமுட்டை முன்னால் வருகிறது. மாதவிலக்கு பின்னால்தான் வருகிறது. அது வரட்டும் என்று காத்திருப்பது, ரயில் போன பிறகு டிக்கெட் வாங்குவது மாதிரி.

அரசு மருத்துவமனையில் கேட்டால், காப்பர்-டி இலவசம். அவள் சம்மதித்தால், பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே போடலாம். தவறினால் ஆறு வாரம் கழித்துப் போடலாம். பாலைக் குறைக்காது. ஆணுறைக்கு நாள் நட்சத்திரமே வேண்டாம். ஆனால் பால் கொடுக்கிறவர்கள் முதல் 6 மாதத்தில், கருத்தடை மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தாங்களே வாங்கிச் சாப்பிடக் கூடாது. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் நடுவில் குறைந்தது 24 மாதம் இடைவெளி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆண்களே, நமக்கும் ஒரு கணக்கு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் மணமான பெண்களில் 100க்கு ஏறக்குறைய 38 பேர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டதோ 1000க்கு 3 பேர்! ஆணுக்குச் செய்வதுதான் எளிது என்பது தெரியாமலா? தெரியும். கூச்சம்!

நடுவர் மணியில் கை வைக்கிறார். ஒரே நிமிடம். அண்மையில் என் மகளுக்கு வளைகாப்பு நடந்தது. மாப்பிள்ளையும் இருக்க, என் மனைவி கேட்டாள்: ‘பிரசவத்துக்கு அப்புறம் என்ன செய்யறதா இருக்கீங்க? ரெண்டு பேரும் இப்பவே டாக்டரம்மாகிட்டப் பேசி வச்சுக்குங்க.’ நான் மெல்ல எழுந்தேன். ‘நீங்களும் உட்காருங்க. ஏன், தலைவலி மாத்திரை வேணுமா?’ என்றாள். (சிரிப்பு, கைதட்டல்)

உட்கார்ந்துவிட்டேன், நடுவர் அவர்களே. அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நீங்களும் ‘கூச்சமே’ என்று சொல்லிவிடுங்கள்.