ஏரியலில் படியும் வெண்பூச்சு

பல்லாண்டுகள் வெயிலிலும் கடற்காற்றிலும் நின்ற அமெச்சூர் வானொலி ஏரியலைக் கீழே இறக்கிப் பார்த்தால், அதன் அலுமினியக் குழாய்கள் ஒளி மங்கிச் சாம்பல் பூத்தாற்போல வெளுத்திருக்கும். அதை முழுவதும் தேய்த்துப் பளபளப்பாக்கவே உடையவரின் கை முதலில் துடிக்கும். அவ்வுழைப்பிற் பெரும்பகுதி வீணாகும்.

அலுமினியம் காற்றுப் பட்டவுடனேயே ஒட்சியேற்றமடைந்து, மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலமொன்றைப் போர்த்துக்கொள்கிறது. அப்படலம் மின்னைக் கடத்தாது. ஆயினும் உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும் கவசம் அதுவே. 14 மெகாஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில் மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பையொட்டி, ஏறத்தாழ 0.02 மில்லிமீற்றர் ஆழத்துள் ஓடுகிறது. படலத்தின் கீழே ஓடும் அதற்கு வெளிப்பூச்சினால் இடையூறில்லை.

கேடு விளைவது பொருத்துக்களிலேயாம். ஜப்பானிய அறிஞர்களான ஊடா, யாகி ஆகியோரின் பெயரால் வழங்கும் ஏரியலில், குழாயினுள் குழாயைச் செருகி நீளத்தை அமைப்பதுண்டு. இரண்டும் தொடுமிடத்தில் ஒட்சைட்டும் உப்பும் புகுந்தால் மின்னோட்டம் தடைப்படும். சில வேளைகளில் அப்பொருத்து ஓர் இருவாயி போலத் தொழிற்பட்டு, வேண்டாத அலைகளைப் பிறப்பித்து, அயல்வீட்டு வானொலியிலும் இரைச்சலை உண்டாக்கும்.

ஆகவே, மின்கம்பிகள் அருகில் இல்லையென உறுதி செய்து, ஒலிபரப்புக் கருவியின் தொடர்பை நீக்கிய பின்னரே ஏரியலை இறக்குதல் வேண்டும். குழாய்களின் நீளங்களை முன்னதாகக் குறித்துக்கொண்டு பொருத்துக்களைக் கழற்றுக. தொடும் பரப்புக்களை மட்டும் நுண்ணிய அரத்தாளால் தேய்த்துத் துடைக்க. பாத்திரம் துலக்கும் உருக்குக் கம்பிச் சுருள் ஆகாது. அதன் துணுக்குகள் அலுமினியத்திற் பதிந்து பின்னர் துருப்பிடிக்கும். தேய்த்த இடத்தில் மீண்டும் படலம் வளராதவாறு, நாக உலோகத் துகள் கலந்த கிறீசை உடனே பூசி இறுக்க வேண்டும். செப்புக்கம்பியை அலுமினியத்தோடு நேரே பிணைப்பதும் தவறு. ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கப்படும். இடையில் துருப்பிடியா உருக்கு வளையம் ஒன்றை வைத்தல் நன்று.

2004 டிசெம்பர் 26இல் கடற்கோள் அந்தமான் தீவுகளின் தொலைபேசித் தொடர்புகளைக் குலைத்தபோது, வேறு நோக்கத்துடன் அங்கு சென்றிருந்த பாரதி பிரசாத் அம்மையாரின் அமெச்சூர் வானொலிக் குழுவினர், மக்களின் செய்திகளை வெளியுலகுக்கு எட்டச் செய்தனர். அத்தகைய நாளில் ஏரியலைக் கழற்றித் துலக்க எவருக்கும் அவகாசம் கிடைப்பதில்லை. கடலோரத்தில் நிலையம் வைத்திருப்போர் ஆண்டுதோறும் மழைக்காலத்திற்கு முன் ஒரு பிற்பகலைப் பொருத்துக்களுக்கென ஒதுக்கினால் அதுவே போதும்.