ஆராய்ந்து படித்தலும் அஞ்சாது எழுதுதலும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இரண்டு பெஞ்சுகளும் ஒரு கரும்பலகையும் கொண்டு தொடங்கிய நம் மாலை வகுப்பு இன்று வெள்ளி விழாக் காண்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் இவ்வகுப்பில் படித்துக் கரையேறியுள்ளனர். அவர்களைப் பற்றிய பாராட்டுரைகளை எமக்கு முன் பேசியவர்கள் நிறைவாக வழங்கிவிட்டார்கள். எங்களுக்கு அளிக்கப்பட்ட தலைப்பு வேறு. முதலாண்டு மாணவர்க்கு ஆராய்ந்து படிக்கவும் கட்டுரை எழுதவும் கற்பித்தல் என்பது அது. கல்லூரிக்குப் போனவர்க்குப் படிக்கக் கற்பிப்பதா என்று சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்க விரும்புகிறோம்.

எங்கள் அரசுப் பள்ளியில் படித்த மாணவன் ஒருவன். தந்தையார் பட்டறையில் கடைசல் வேலை செய்பவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் இவன்தான். மேல்நிலைத் தேர்வில் தமிழில் நல்ல மதிப்பெண் பெற்றவன். கல்லூரியில் ‘கல்வியும் சமூக மாற்றமும்’ என்னும் பொருளில் கட்டுரை எழுதிவரச் சொன்னார்கள். எட்டுப் பக்கம் எழுதினான். அழகிய கையெழுத்து, பிழையில்லாத தமிழ். தாள் திரும்பி வந்தபோது அதன் அடியில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி இருந்தது: ‘இதில் உம்முடைய கருத்து எது?’

அவன் இரண்டு வாரம் கல்லூரிக்குச் செல்லவில்லை. தந்தையாரின் பட்டறையிலேயே வேலை கேட்கத் தொடங்கிவிட்டான். செய்தி அறிந்து அழைத்துப் பேசினோம். தாளை நீட்டிவிட்டு அவன் கேட்டான்: “ஐயா, நம்முடைய கருத்தையும் எழுதலாமா? யாரும் சொல்லவில்லையே!”

அக்கேள்விக்கு எங்களால் உடனே விடை சொல்ல இயலவில்லை. ஏனெனில், அவனுக்குக் கட்டுரை எழுதக் கற்பித்தவர்கள் நாங்களேதாம்.

நாங்கள் எவ்வாறு கற்பித்தோம் என்பதை இந்த மேடையில் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கட்டுரைத் தலைப்பைத் தருவோம். அதன்கீழ்க் குறிப்புகளையும் தருவோம். முன்னுரை, இன்னின்ன உட்தலைப்புகள், முடிவுரை. நடுவே இரண்டு மேற்கோள்கள். தேர்வுக்கு முந்திய மாதத்தில் ‘வரக்கூடிய’ கட்டுரைகள் ஐந்தையோ ஆறையோ மனப்பாடம் செய்யச் சொல்வோம். பிள்ளைகள் தேர்ச்சி பெற்றார்கள். நாங்களும் தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டிப் பெருமை கொண்டோம். ஆனால் குறிப்பு இல்லாத வெற்றுத் தாளைக் கல்லூரி நீட்டியபோது, அந்தப் பிள்ளைக்குத் தொடங்கும் இடமே தெரியவில்லை.

கல்லூரிக்குள் நுழைவதற்கு இன்று உதவிகள் சில கிடைக்கின்றன. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி தொடரும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் வந்தது. இவற்றை நன்றியுடன் வரவேற்கிறோம். ஆயினும் உள்ளே நுழைந்த பிள்ளை அங்கே வாய் திறந்து பேசவும், தன் பெயரில் ஒரு கருத்தை எழுதி நிலைநாட்டவும் பழக வேண்டுமே! அப்பழக்கம் இல்லாததால் முதலாண்டிலேயே திரும்பி வருகிறவர்களை நம் தெருக்களிலேயே காண்கிறோம். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சங்கக் கூடத்தில் இவ்வகுப்பைத் தொடங்கினோம்.

முதல் பாடம் படித்தல். எதைப் படித்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறோம். இதைச் சொல்பவர் யார்? யாருக்காகச் சொல்கிறார்? என்ன சான்று காட்டுகிறார்? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்?

இதனைப் பழக்க நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொண்டோம். ‘ஆர்மர்டு வெகிக்கிள்ஸ் அண்ட் அம்யூனிஷன் டிப்போ ஆப் இந்தியா’ என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே ஆவடி என்று ஆயின எனப் பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வகுப்பில் கேட்டபோது ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன. சான்று என்ன என்றோம். “எல்லாரும் சொல்கிறார்கள் ஐயா, கைபேசியிலும் வந்தது” என்றார்கள்.

பிறகு ஒரு செய்தியை மட்டும் பலகையில் எழுதினோம். டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை 1960-களில் இயங்கத் தொடங்கியது. சோசலிசப் பாணிச் சமுதாயம் பற்றிய தீர்மானம் நிறைவேறிய ஆவடி காங்கிரசு மாநாடோ 1955 சனவரியிலேயே நடந்துவிட்டது. அப்படியானால் தொழிற்சாலையா ஊருக்குப் பெயர் கொடுத்தது? வகுப்பில் சிரிப்பு எழுந்தது. ஆனால் ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, அதற்கு முன்பே உலகப் போர்க் காலத்தில் வந்த இராணுவக் கிடங்கால் பெயர் ஏற்பட்டிருக்கலாம் அல்லவா?” என்று கேட்டான். நல்ல கேள்வி. எங்கள் சான்று எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை அவன் கண்டுகொண்டான்.

அவனையே கேட்டோம்: இதை எப்படித் தீர்ப்பது? பழைய கிரயப் பத்திரம் பார்க்கலாம் என்றான் ஒருவன். இரயில்வேக் கால அட்டவணை என்றாள் ஒருத்தி. எழும்பூர் ஆவணக் காப்பகத்திற்குப் போகலாம் என்றான் மற்றொருவன். 1939-க்கு முந்திய ஒரே ஒரு தாளில் அப்பெயர் இருந்தால் போதும், அந்தக் கதை விழுந்துவிடும். எத்தாளும் பாராமல் ஆயிரம் பேர் சொன்னாலும் அது கதையாகவே நிற்கும். ‘என்று வழங்குகிறார்கள்’ என எழுதுவதற்கும் ‘என்பது உறுதி’ என எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை அன்றைக்கு அவர்கள் கற்றுக்கொண்டார்கள். எங்கள் கணக்கில் அந்த ஒரு மணி நேரம் பத்து மனப்பாடக் கட்டுரைகளுக்குச் சமம்.

இளைஞர்களே, இவ்வாறு கேள்வி கேட்டுப் படிப்பது நமக்குப் புதியதும் அன்று. வெளியார் கொடுத்ததும் அன்று. இராயப்பேட்டையிலிருந்து 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், ஊரார் சொல்லிவந்த கதைகளை அப்படியே ஏற்காமல் வாரந்தோறும் கேள்விக்கு உட்படுத்தினார்.

அவருக்கும் முன்னே, 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். அக்காலத்தில் ஐ.சி.எஸ். தேர்வு இங்கிலாந்தில் மட்டுமே நடைபெற்றது. அதனை இந்தியாவிலும் உடன் நடத்த வேண்டும் என்று காங்கிரசு கேட்டது. கேட்பதற்கு நியாயமான கோரிக்கைதான். ஆனால் அன்னார் ஒரு கேள்வியை எழுப்பினார்: ‘இந்தியர்’ என்று சொல்லும்போது எந்த இந்தியரைச் சொல்கிறீர்கள்? பள்ளிக்கூட வாசலே மூடப்பட்டிருந்த மக்களுக்கு அத்தேர்வால் என்ன பயன்? கல்வியைத் தம் கையில் வைத்திருந்த சாதியாரே அதிகாரிகளாகி நம்மை ஆள்வார்கள் அல்லவா? இக்கருத்தை விளக்கி 3,412 பேர் கையொப்பமிட்ட மனு இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு அனுப்பப்பட்டது. எல்லாரும் ஒரு சொல்லைப் படித்துக் கடந்தபோது, அச்சொல்லுக்குள் யார் இருக்கிறார், யார் இல்லை என்று பார்த்தார் அவர். ஆராய்ந்து படித்தல் என்பது அதுவே.

இதனை வகுப்பில் சொன்னபோது முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, அவர் கேட்டது சரியாக இருக்கலாம். ஆனால் தேர்வை இங்கே நடத்தக் கூடாது என்று சொல்வதைவிட, நம் பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும், இடம் வேண்டும் என்று கேட்டிருக்கலாமே?” என்றாள். பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். நாங்கள் அம்மாணவியை, “அதையே கட்டுரையாக எழுதிவா அம்மா” என்றோம். எழுதுவதற்காகப் படித்தபோது, சீனிவாசன் அவர்கள் பிற்காலத்தில் 1930-31 வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நம் உரிமைகளைக் கேட்டதையும் அவளே கண்டறிந்தாள். 1893-இல் ஏன் அப்படிக் கேட்டார், பின்னர் ஏன் இப்படிக் கேட்டார் என்பதே அவள் கட்டுரையின் பொருளாயிற்று. நம் தலைவர்களைப் போற்றி மட்டும் எழுதியிருந்தால் இவ்வளவு நெருங்கி அவர்களை அறிந்திருக்க மாட்டாள்.

இனி எழுதுதல். கட்டுரை எழுதுவோர்க்கு நாங்கள் காட்டும் முன்மாதிரி அண்ணல் அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’. 1936-இல் இலாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டலம் என்னும் அமைப்பு நடத்தவிருந்த மாநாட்டுக்காக எழுதப்பட்ட தலைமையுரை அது. உரையில் உள்ள கருத்துகளை ஏற்க இயலாமல் அழைத்தவர்கள் மாநாட்டையே கைவிட்டார்கள். அவர் ஒரு கருத்தையும் நீக்க இசையவில்லை. தாமே அச்சிட்டு வெளியிட்டார். காந்தியடிகள் ‘அரிஜன்’ இதழில் அதனை மறுத்து எழுதினார். 1937-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அண்ணல் என்ன செய்தார்? காந்தியடிகளின் மறுப்பைத் தம் நூலிலேயே சேர்த்து அச்சிட்டு, அதன்பின் தம் விடையை எழுதினார்.

மாணவர்களே, இதனை நன்கு எண்ணிப் பாருங்கள். எதிர்ப்பவரின் சொல்லை மறைக்கவில்லை. சுருக்கித் திரிக்கவும் இல்லை. வாசகர் இரண்டையும் படித்துத் தாமே முடிவு செய்யட்டும் என்று விட்டார். தம் கருத்தில் உறுதி உள்ளவரே அவ்வாறு செய்ய முடியும்.

ஆதலின் எங்கள் வகுப்பில் கட்டுரைக்கு உட்தலைப்புகள் தருவதை நிறுத்திவிட்டோம். சொல்ல வந்ததை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்கிறோம். அதற்குச் சான்று தேடச் சொல்கிறோம். அதை மறுப்பவர் என்ன சொல்வார் என்பதை அவர் ஏற்கும்படியாக எழுதி, அதன்பின் விடை எழுதச் சொல்கிறோம். பிறகு முழுவதையும் உரக்கப் படித்து மீண்டும் எழுதச் சொல்கிறோம். மீண்டும் எழுதுவதுதான் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. அதில்தான் பயன் மிகுதி.

ஒரு மாணவி ‘அம்பத்தூர் தொழிற்பேட்டையால் இப்பகுதி மக்கள் அனைவரும் வளம் பெற்றனர்’ என்று எழுதி வந்தாள். உன் தாயார் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டோம். ஒரு தொழிற்கூடத்தில் ஒப்பந்தத் துப்புரவுப் பணி என்றாள். பின்பு அவளே ‘அனைவரும்’ என்ற சொல்லின்மேல் விரலை வைத்துச் சிறிது நேரம் பேசாதிருந்தாள். அடுத்த வாரம் தன் தெருவில் வீடு வீடாகச் சென்று, யார் நிரந்தரப் பணியாளர், யார் ஒப்பந்தத் தொழிலாளர், யார் வேலை இழந்தவர் என்று கேட்டு எழுதி வந்தாள். தொழிற்பேட்டையால் நிலைபெற்ற குடும்பங்களையும் மறைக்காமல் எழுதியிருந்தாள். முதல் கட்டுரை எவர் வேண்டுமானாலும் எழுதக்கூடியது. இரண்டாவதை அவளன்றி வேறு எவரும் எழுதியிருக்க முடியாது.

இன்று தலைப்பைச் சொன்னால் கட்டுரையை எழுதித் தரும் கருவி கைபேசியிலேயே இருக்கிறது. அதனைத் தொடாதீர்கள் என்று சொன்னால் நீங்கள் கேட்கப் போவதில்லை. அது தருவதையும் அந்த நான்கு கேள்விகளால் சோதியுங்கள் என்றே சொல்கிறோம். உங்கள் தெருவில் வீடு வீடாகச் சென்று கேட்டுவர அதனால் ஆகாது. ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தால், முதலில் தமிழில் சிந்தித்து உங்கள் வாதத்தை ஒழுங்குபடுத்திக் கொள்ளுங்கள். வாதம் தெளிந்தபின் ஆங்கிலம் அவ்வளவு அச்சுறுத்தாது.

உறுப்பினர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். நம் நூலக அலமாரியின் பூட்டை எடுத்துவிடுங்கள். நூல் கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். ஒரே செய்தியை வெவ்வேறு விதமாக எழுதும் இரண்டு நாளிதழ்களாவது கூடத்திற்கு வரட்டும். மாதம் ஒருமுறை பிள்ளைகள் தம் கட்டுரைகளை இங்கே படிக்கட்டும். அப்போது நமக்குப் பிடிக்காத கருத்தையும் அவர்கள் சொல்லக்கூடும், பொறுமையுடன் கேளுங்கள், மறுப்பதாயின் சான்றுடன் மறுங்கள். வீட்டில் கேள்வி கேட்டால் வாயை மூடு என்று சொல்லிவிட்டு, கல்லூரியில் போய்க் கேள்வி கேள் என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்?

தொடக்கத்தில் சொன்ன மாணவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். அவன் பட்டறைக்குப் போகவில்லை. அதே தலைப்பில் மீண்டும் எழுதினான். இம்முறை மூன்று பக்கம்தான். பள்ளிக்கு அனுப்பப்படாத தன் அத்தையைப் பற்றியும், அவருக்குத் தான் மனு எழுதிக்கொடுத்த நாளைப் பற்றியும் எழுதி, கல்வியால் மாறியது எது, மாறாதிருப்பது எது என்று வாதிட்டிருந்தான். அதில் எழுத்துப்பிழைகள் நான்கைந்து இருந்தன. பேராசிரியர் அவற்றைத் திருத்திவிட்டு, ஓரத்தில் இரண்டு இடங்களில் அவன் கருத்தை மறுத்து எழுதியிருந்தார். அவன் அத்தாளை எங்களிடம் கொண்டுவந்து காட்டி, “ஐயா, இவருக்கு விடை எழுத வேண்டும், எந்த நூலைப் பார்க்கலாம்?” என்று கேட்டான்.

அந்த நூல் நம் அலமாரியில் இருக்கும்படி செய்வது சங்கத்தின் கடமை.