எட்டு நாள் கணக்கு



பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தாய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். நர்ஸ் அம்மா தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பார். 102 டிகிரி என்று சொல்லுவார். ஆனால் ஒரு தாய் வந்து, "என் பிள்ளை மேல் கதிர்வீச்சு எவ்வளவு பட்டது?" என்று கேட்டால் என்ன சொல்வது? உலகத்தில் லட்சக்கணக்கான தாய்மார்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். பலருக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது. அதற்கு வாசனை இல்லை. ருசியும் இல்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறார்களே, அதுவும் ஒரு வகைக் கதிர்வீச்சுதான். அளவோடு இருந்தால் அது உதவும். அளவு மீறினால் உடம்பைக் கெடுக்கும்.

1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 26. அப்போது சோவியத் யூனியன் என்ற நாடு இருந்தது. அங்கே செர்னோபில் அணுமின் நிலையத்தில் நடு இரவு தாண்டி 1 மணி 23 நிமிடத்துக்கு நான்காவது உலை வெடித்தது. பக்கத்தில் பிரிப்யத் என்ற நகரம். அங்கே சுமார் 49,000 பேர் இருந்தார்கள். விடிந்தது சனிக்கிழமை. பிள்ளைகள் வழக்கம்போல் பள்ளிக்கூடம் போனார்கள். வெளியே விளையாடினார்கள். மறுநாள் மதியத்துக்குப் பிறகுதான் ஜனங்களைப் பஸ்ஸில் ஏற்றி வெளியேற்றினார்கள்.

உலையிலிருந்து பல பொருள்கள் காற்றில் பறந்தன. அவற்றில் ஒன்று கதிர்வீசும் அயோடின். அது புல்லின் மேல் படிந்தது. புல்லை மாடு மேய்ந்தது. அயோடின் பாலில் வந்தது. பாலைக் குழந்தை குடித்தது. நல்லது என்று நினைத்துத் தாய் கொடுத்த பால்தான் பல கிராமங்களில் குழந்தைக்குக் கெடுதல் செய்தது. பால் கொடுக்காதே என்று உரிய காலத்தில் சொல்ல ஆள் இல்லை.

இதில் குழந்தைக்கு ஏன் கூடுதல் ஆபத்து? நம் கழுத்தின் முன்பக்கம் தைராய்டு என்ற சுரப்பி இருக்கிறது. அதற்கு அயோடின் வேண்டும். அதனால்தான் அயோடின் கலந்த உப்பை வாங்கச் சொல்கிறார்கள். நல்ல அயோடின் எது, கதிர்வீசும் அயோடின் எது என்று அந்தச் சுரப்பிக்குத் தெரியாது. வருவதை எல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். குழந்தையின் சுரப்பி மிகச் சிறியது. ஒரு சிட்டிகை உப்பை அண்டாவில் போட்டால் தெரியாது. அதே உப்பை ஒரு தம்ளரில் போட்டால் கரிக்கும். அதுபோலத்தான் இதுவும். மேலும் குழந்தை பால் அதிகம் குடிக்கும். வளரும் உடம்பு வேறு.

சரி, இதை எப்படி அளப்பது? கதிர்வீச்சை எண்ணும் கருவி ஒன்று உண்டு. முதலில் அந்த இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு கருவியைக் குழந்தையின் கழுத்தருகே பிடிப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கழுத்தில் இருப்பது. ஊசி இல்லை, வலி இல்லை. சில நிமிட வேலை.

ஆனால் இதை உடனே செய்ய வேண்டும். அயோடினுக்கு ஒரு கணக்கு உண்டு. 8 நாளில் அது பாதியாகிவிடும். 16 பங்கு இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 நாளில் 8 பங்கு. 16 நாளில் 4 பங்கு. 24 நாளில் 2 பங்கு. உடம்பிலிருந்து கழிந்து போவது தனி. 80 நாள் போனால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. கருவியில் ஒன்றும் காட்டாது. ஒன்றும் காட்டவில்லை என்பதால் ஒன்றும் படவில்லை என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. அயோடின் போய்விடும். அது செய்த கெடுதல் உள்ளே தங்கிவிடும்.

அதனால் 1986 மே, ஜூன் மாதங்களில் டாக்டர்களும் ஊழியர்களும் கிராமம் கிராமமாகப் போனார்கள். பெலாரஸ், உக்ரைன், ரஷ்யா ஆகிய மூன்று பகுதிகளிலும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கழுத்தை அளந்தார்கள். அந்த எண்களும், என்ன சாப்பிட்டார்கள், எங்கே இருந்தார்கள் என்ற விவரமும்தான் பின்னால் கைகொடுத்தன. 4, 5 வருஷம் கழித்துக் குழந்தைகளுக்குத் தைராய்டுப் புற்றுநோய் அதிகமாக வந்தது. 2005-க்குள் 6,000 பேருக்கு மேல். காரணத்தில் பெரும் பங்கு அந்தப் பால் என்று காட்ட முடிந்தது. நல்ல வேளை, இந்த நோய்க்கு வைத்தியம் உண்டு. பெரும்பாலோர் பிழைத்தார்கள்.

பக்கத்து நாடான போலந்து என்ன செய்தது? விபத்து நடந்த சில நாள்களில் 1 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு நல்ல அயோடின் மருந்து கொடுத்தது. சுரப்பி முன்பே நிறைந்துவிட்டால் கெட்ட அயோடினுக்கு இடம் இருக்காது. இந்த மருந்தை அரசாங்கம் சொன்னால் மட்டுமே சாப்பிட வேண்டும். அயோடின் உப்பை அள்ளித் தின்றால் பலன் இல்லை. 2011-இல் சீனாவில் பலர் பயந்துபோய் உப்பை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். அது வீண் செலவு.

அந்த 2011-இல் என்ன நடந்தது? மார்ச் 11 அன்று ஜப்பானில் பூகம்பம் வந்தது. சுனாமி எழுந்தது. ஃபுகுஷிமா அணு உலைகள் கெட்டன. இந்த முறை பாலைச் சோதித்து விற்காமல் நிறுத்தினார்கள். மார்ச் 23 அன்று டோக்கியோவில் குழாய்த் தண்ணீரைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அறிவித்தார்கள். இது நல்ல பாடம்.

ஆனால் அளக்கும் வேலையில் குறை இருந்தது. மார்ச் கடைசியில் மூன்று ஊர்களில் 1,080 குழந்தைகளின் கழுத்தை மட்டுமே அளந்தார்கள். குறித்து வைத்த எச்சரிக்கை அளவை அவர்களில் யாரும் தாண்டவில்லை. அந்த மாகாணத்திலோ குழந்தைகள் 3 லட்சத்துக்கும் மேல். மற்றவர்களை அளப்பதற்குள் நாள் போய்விட்டது. அயோடினும் போய்விட்டது.

பிறகு வீட்டுக்கு வீடு ஒரு படிவம் அனுப்பினார்கள். எந்தத் தேதியில் எங்கே இருந்தீர்கள்? வீட்டுக்குள்ளா, வெளியிலா? இதை வைத்துக் கணக்குப் போடலாம். ஆனால் நான்கில் ஒருவர் அளவுக்குத்தான் எழுதி அனுப்பினார்கள்.

சீசியம் என்ற இன்னொரு பொருள் உண்டு. அதில் ஒரு வகை பாதியாக 30 வருஷம் ஆகும். அதனால் அதைப் பின்னாலும் அளக்கலாம். பெரிய கருவிக்கு முன் குழந்தையை நிறுத்தினால் போதும். மிஹாரு என்ற ஊரில் 2012-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை அளந்தார்கள். கருவி காட்டும் அளவுக்கு ஒருவரிடமும் சீசியம் இல்லை. உணவைச் சோதித்ததன் பலன் அது. நிற்கத் தெரியாத கைக்குழந்தைகளுக்காக 2013-இல் படுக்க வைத்து அளக்கும் கருவியும் செய்தார்கள்.

அயோடின் விஷயம் மட்டும் தீரவில்லை. 2011 அக்டோபர் முதல் பிள்ளைகளின் கழுத்தை ஸ்கேன் செய்தார்கள். சிலருக்குப் புற்றுநோய் தெரிந்தது. நுட்பமாகத் தேடியதால் கிடைத்தது, கதிர்வீச்சால் வந்ததாகத் தெரியவில்லை என்று ஐ.நா. அறிவியல் குழு 2021-இல் சொன்னது. நோய் கண்ட 6 இளைஞர்கள் இதை ஒப்பவில்லை. 2022-இல் டோக்கியோவில் வழக்குப் போட்டார்கள். அன்றைக்கே அவர்கள் கழுத்தில் கருவியை வைத்திருந்தால் கையில் ஓர் எண் இருந்திருக்கும். இரண்டு பக்கத்தாருக்கும் அது உதவியிருக்கும்.

நம் நாட்டிலும் அணுமின் நிலையங்கள் உண்டு. பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் தெரிந்திருக்க வேண்டும். விபத்து என்று அறிவித்தால் பிள்ளைகளை வீட்டுக்குள் வையுங்கள். கதவு, ஜன்னலைச் சாத்துங்கள். ரேடியோவைக் கேளுங்கள். மேய்ச்சல் மாட்டுப் பாலையும் வெளியில் இருந்த கீரையையும் சோதிக்கும் வரை கொடுக்காதீர்கள். பிள்ளைகளைச் சீக்கிரம் அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஒரு நோட்டை எடுங்கள். தேதி, பிள்ளையின் பெயர், வயது, எங்கே இருந்தது, என்ன சாப்பிட்டது, எவ்வளவு பால் குடித்தது என்று தினமும் எழுதுங்கள். அளந்த எண்ணையும் கேட்டு எழுதுங்கள். அயோடின் 8 நாளில் பாதியாகும். நோட்டில் எழுதியது அப்படியே இருக்கும். எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் இதைச் செய்யலாம்.