பல்லில் படிந்த பழி



சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ளும் பிள்ளைகளைத் தருமபுரி, கிருட்டிணகிரி வட்டாரச் சிற்றூர்களில் கண்டிருப்பீர்கள். நாணமா? இல்லை. பல்லிலே பழுப்புக் கறை! பல் துலக்காத பிள்ளை என்று ஊர் பழிக்கிறது. துலக்கினால் போகும் கறையா அது? பல்லின் மேலே ஒட்டிய அழுக்கல்ல. பல் உருவாகும்போதே உள்ளே ஊறிவிட்ட வடு!

அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்சு நகருக்கு 1901-ஆம் ஆண்டு சென்ற பல் மருத்துவர் மெக்கே இதே கறையைக் கண்டார், காரணம் தேடினார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1931-இல் உண்மை வெளிப்பட்டது. குற்றவாளி, குடிநீரில் கரைந்திருந்த புளோரைடு! 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்திலே, பல்லை மட்டுமல்ல, எலும்பையும் அது முடக்குகிறது என்று மருத்துவர்கள் எடுத்துரைத்தனர்.

புளோரைடு கொடிய பகையா? சிறிதளவு இருந்தால் பற்சிதைவைத் தடுக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சன்றோ! லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். நமது இந்தியத் தரமோ 1 மில்லிகிராம் போதும் என்கிறது; வேறு நீர் கிடைக்காத இடத்தில்தான் 1.5 வரை பொறுத்துக்கொள்கிறது. பாறையின் இடுக்கிலே நெடுங்காலம் தேங்கிய நீரில் இந்த அளவு மீறுகிறது. மழை பொய்க்க, ஏரி வற்ற, ஆழ்துளைக் கிணற்றை மேலும் மேலும் ஆழமாக்குகிறோம். தண்ணீரோடு நஞ்சையும் சேர்த்தே இறைக்கிறோம்!

காய்ச்சிக் குடித்தால் தீராதா என்று தாய்மார்கள் கேட்பீர்கள். தீராது, தாய்மார்களே! காய்ச்சினால் நீர் வற்றும், புளோரைடு வற்றாது.

இதை உணர்ந்துதான் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால், குழாயில் நீர் நின்ற நாளில் மக்கள் எங்கே போவார்கள்? பழைய ஆழ்துளைக் கிணற்றுக்குத்தானே!

ஆகவே கேட்கிறோம்: ஒவ்வொரு கிணற்று நீரையும் அளந்து, அந்த அளவை அங்கேயே எழுதி வையுங்கள். நல்ல நீரை முதலில் குழந்தைகள் மையத்துக்கும் பள்ளிக்கும் கொடுங்கள். நிலைப்பற்களில் பெரும்பாலானவை எட்டு வயதுக்குள் உருப்பெற்றுவிடுகின்றன. கோப்புகள் காத்திருக்கும், பிள்ளையின் பல் காத்திருக்காது!

அந்தக் கறை பிள்ளை செய்த பிழையன்று. நாம் கொடுத்த நீர் எழுதிய தீர்ப்பு. அதை மாற்றி எழுதும் கடமை நமக்கு உண்டு, தோழர்களே!