காவலாள் இல்லாத ஓடுபாதை

ஐக்கிய அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரத்து விமானத் தளத்தில், 1929ஆம் ஆண்டளவில், ஒருவர் நாள்தோறும் ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வெளியின் நடுவே சென்று அமர்வது வழக்கம். மடக்கு நாற்காலி ஒன்று, வெயிலுக்கு ஒரு குடை, குடிநீர், குறிப்பேடு, இவற்றோடு இரண்டு கொடிகள்: இவையே அவர் வண்டியில் இருந்த பொருள்கள். கட்டம் போட்ட கொடியை அவர் அசைத்தால் விமானம் புறப்படலாம். சிவப்புக் கொடியை உயர்த்தினால் நின்றவிடத்திலேயே நிற்கவேண்டும். ஆர்ச்சி லீக் என்பது அவர் பெயர். அமெரிக்காவில் ஆகாயப் போக்குவரத்தை நெறிப்படுத்திய முதல்வர் என்று வரலாறு எழுதுவோர் அவரையே குறிப்பிடுவர். மறு ஆண்டில் கிளீவ்லண்ட் நகர விமான நிலையத்தில் வானொலிக் கருவி பொருத்திய கட்டுப்பாட்டுக் கோபுரம் எழுந்தது. கொடி பிடித்தவர் கோபுரத்தில் ஏறி ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார் எனலாம்.

விமான நிலையம் என்றதும் அத்தகைய கோபுரமும், அதன் உச்சியிலுள்ள கண்ணாடி அறையிலிருந்து கட்டளையிடும் அலுவலரும் மனக்கண்ணில் தோன்றுதல் இயல்பே. ஆனால் உண்மை நிலை வேறு. பொதுமக்கள் பயன்படுத்தத்தக்க விமான நிலையங்கள் அமெரிக்காவில் ஏறக்குறைய 5,000 உள்ளன. அவற்றுள் கோபுரம் உடையவை சுமார் 500 மட்டுமே. ஏனையவற்றில் கொடி பிடிப்பாரும் இல்லை, கட்டளையிடுவாரும் இல்லை. விமானங்கள் வருகின்றன, இறங்குகின்றன, ஏறுகின்றன. பொலிஸ்காரர் நில்லாத நாற்சந்தியில் வண்டிகள் ஒன்றையொன்று பார்த்து வழிவிட்டுச் செல்வதுபோலவே அங்கே யாவும் நடைபெறுகின்றன. வேற்றுமை ஒன்றே. நாற்சந்தியில் ஐயம் ஏற்பட்டால் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கலாம். ஆகாயத்தில் நிறுத்துவதற்கு இடமில்லை.

இந்நிலையங்களுட் பல நகரசபைகளுக்குச் சொந்தமானவை. 1926ஆம் ஆண்டின் ஆகாய வர்த்தகச் சட்டம், விமானங்களையும் விமானிகளையும் ஒழுங்குபடுத்தும் பொறுப்பை மத்திய அரசாங்கத்துக்குக் கொடுத்தது. ஆனால் விமான நிலையங்களைக் கட்டி நடத்தும் வேலையில் அரசாங்கம் இறங்கலாகாது என்றும் அதே சட்டம் விலக்கியது. எனவே ஊர்தோறும் நகரசபையே நிலம் வாங்கி, புல்லை வெட்டி, ஓடுபாதை அமைக்க வேண்டியதாயிற்று. நிலம் நகரத்தினுடையது, வானம் அரசாங்கத்தினுடையது. இப்பிரிவினை சில வேளைகளில் வழக்குமன்றம் வரை சென்றிருக்கிறது. கலிபோர்னியாவிலுள்ள பர்பாங்க் நகரத்தார், இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை ஜெற் விமானங்கள் புறப்படலாகாது என்று விதி செய்தனர். 1973இல் உயர்நீதிமன்றம் அவ்விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஒன்பதின்மரில் ஐவர் ஒருபக்கம், நால்வர் மறுபக்கம். உறக்கம் கெட்ட நகரத்தார் மீது இரக்கம் கொள்ளாதார் இரார்; ஆயினும் ஊருக்கு ஒரு வான்விதி என்று ஏற்பட்டால் விமானியின் பாடு என்னாகும் என்பதும் எண்ணத்தக்கதே.

இனி அவ்விதிகளைப் பார்ப்போம். ஓடுபாதை ஒவ்வொன்றும் அதன் முனையிலே பெரிய வெள்ளை எழுத்தில் ஓர் எண்ணைத் தாங்கியிருக்கும். திசைகாட்டியின் பாகையைப் பத்தால் வகுத்துப் பெற்ற எண் அது. 130 பாகையை நோக்கிய பாதைக்கு 13. 40 பாகையை நோக்கியதற்கு 4. விமானம் இயன்றவரை காற்றை எதிர்த்தே ஏறவும் இறங்கவும் வேண்டுமாதலால், காற்று எத்திசையிலிருந்து வீசுகின்றது என்பதைக் காட்டத் துணியாலான காற்றுக்குழல் ஒன்று கம்பத்தில் கட்டப்பட்டிருக்கும். காற்று அயர்ந்திருக்கும் வேளையில் எந்தப் பாதையும் ஏற்றதாகவே தோன்றும், அபாயமும் அப்போதுதான். ஆகவே காற்றில்லாத நேரத்தில் இன்ன பாதையையே பயன்படுத்துக என்று பல நிலையங்கள் உள்ளூர் வழக்கொன்றை வகுத்து, விமானிகளின் கைந்நூலில் அச்சிட்டு வைத்திருக்கின்றன.

இறங்க வரும் விமானம் ஓடுபாதையை நோக்கி நேரே பாய்ந்து வருவது உகந்த முறையன்று. ஓடுபாதையை ஒரு பக்கமாகக் கொண்ட பெரிய நீள்சதுரம் ஒன்று ஆகாயத்தில் வரையப்பட்டிருப்பதாகக் கொள்ளவேண்டும். தரையிலிருந்து ஏறக்குறைய 1,000 அடி உயரத்தில், அந்த நீள்சதுரத்தின் நெடும்பக்கத்திலே சாய்வாக வந்து சேர்ந்து, ஓடுபாதைக்கு இணையாகக் காற்றோடு சென்று, பின்னர் இருமுறை திரும்பி, இறுதி நேர்க்கோட்டில் இறங்குதல் முறை. திருப்பங்கள் யாவும் இடப்புறமாகவே அமையும். தலைமை விமானி இடப்புற இருக்கையில் அமர்பவராதலின், அப்பக்கம் திரும்பினால் ஓடுபாதை அவர் கண்ணை விட்டு அகலாது. ஓரிடத்தில் மலையோ, குடியிருப்போ, வேறொரு விமான நிலையமோ இடையூறாயிருந்தால் வலப்புறச் சுற்று என்று உள்ளூரில் விதிப்பர். அதனை அறிவிக்கக் காற்றுக்குழலைச் சூழ்ந்த வட்டக் குறியின் ஓரத்திலே முழங்கைபோல் மடிந்த அடையாளங்களை வைத்திருப்பர். மேலேயிருந்து பார்க்கும் அயலூர் விமானி, யாரையும் கேளாமலே அவ்வூர் வழக்கத்தை அறிந்துகொள்வார்.

முந்துரிமைக்கும் விதி உண்டு. இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்துக்குப் பிற விமானங்கள் யாவும் வழிவிட வேண்டும். இரண்டு விமானங்கள் இறங்க வந்தால் தாழ்வாயிருப்பதற்கே முதலிடம். ஆயினும் அந்த உரிமையைக் காட்டி மற்றொன்றின் முன்னே குறுக்கே புகுதல் கூடாது என்று சட்டமே கூறுகின்றது. சட்டம் எழுதியவர்கள் மனித இயல்பை அறிந்தவர்கள்.

இவற்றுக்கெல்லாம் துணையாக அமைந்தது வானொலி. கோபுரமில்லாத நிலையத்துக்கு ஒரு பொது அலைவரிசை குறிக்கப்பட்டிருக்கும். வரும் விமானி ஏறக்குறைய 10 மைலுக்கு அப்பாலிருந்தே தம் இருப்பிடத்தையும் எண்ணத்தையும் அதிலே கூறவேண்டும். சுற்றின் ஒவ்வொரு பக்கத்திலும் மீண்டும் கூறவேண்டும். அடுத்தடுத்த ஊர்கள் பல ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்வதால், ஒவ்வோர் அறிவிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் ஊரின் பெயரைச் சொல்லுமாறு விமானிகளுக்குப் போதிக்கப்படுகின்றது. முதலிற் கூறியதைத் தவறவிட்டவர் இறுதியிலாவது கேட்கட்டும் என்பது கருத்து. இவ்வளவிருந்தும் இத்தகைய நிலையங்கள் பலவற்றில் வானொலிக் கருவி வைத்திருத்தலே கட்டாயமன்று. பேசாத விமானம் ஒன்று எந்நேரமும் எதிர்ப்படலாம். ஆதலால் கண்ணே முதற்கருவி; காது அதற்குத் துணை.

இத்தனை விதிகளும் இருக்க, கேட்டவர் ஒன்றைக் கேட்டதாக எண்ணிக்கொண்டதும் ஒரு காரணமாக 14 உயிர்கள் மாண்ட நிகழ்ச்சியொன்று உண்டு. இலினோய் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையிலே குவின்சி என்னும் நகரம் இருக்கின்றது. நகரத்துக்குக் கிழக்கே வயல்வெளியில் அதன் விமான நிலையம், கோபுரம் இல்லை. ஓடுபாதைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்வன. 1996ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள், மாலை 5 மணி, அந்திக்கருக்கல். சிக்காகோவிலிருந்து புறப்பட்டு, வழியில் பர்லிங்டனில் இறங்கி, பயணிகள் பதின்மரோடும் விமானிகள் இருவரோடும் வந்த பீச்கிராஃப்ட் 1900 விமானம், 13ஆம் எண் பாதையில் இறங்க நெருங்கிக்கொண்டிருந்தது. அதன் விமானிகள் தம் வரவைப் பலமுறை அறிவித்தனர். அதே நேரத்தில், குறுக்கே செல்லும் 4ஆம் எண் பாதையின் முனையில் கிங் எயர் என்னும் விமானம் இருவரோடு நின்றது. பாதையில் ஏறப்போவதாக அது அறிவித்திருந்தது. ஏறியபின் சிறிது நேரம் அங்கேயே நின்றது. அதன் பின்னே, தன் முறைக்காகக் காத்திருந்தது செரோக்கி என்னும் சிறு விமானம்.

இறங்க வந்தவர்களுக்கு ஐயம் எழுந்தது. 4ஆம் எண் பாதையில் நிற்பவர் அங்கேயே நிற்பாரா, புறப்படுவாரா என்று வானொலியிற் கேட்டனர். மிகச் சரியான கேள்வி. கேட்டதும் உரிய நேரத்திலேதான். கிங் எயரிலிருந்து மறுமொழி இல்லை. பின்னே நின்ற செரோக்கியின் விமானியே மறுமொழி கூறினார். தம் விமானத்தின் எண்ணைச் சொல்லி, 4ஆம் பாதையில் புறப்படுவதற்காகக் காத்து நிற்பதாகச் சொல்லத் தொடங்கி, இடையே தயங்கி, கிங் எயருக்குப் பின்னால் நிற்பதை உணர்த்தும் சொற்களை இறுதியிற் சேர்த்தார். அந்த இறுதிச் சொற்கள் ஒலித்த அதே கணத்தில், இறங்கும் விமானத்தினுள்ளே, தரை நெருங்குவதை எச்சரிக்கும் இயந்திரக் குரல் உயரத்தைக் கூறிற்று. அக்குரலில் அச்சொற்கள் அமிழ்ந்தன. ஓடுபாதையில் நிற்பவரே காத்திருப்பதாகச் சொல்லிவிட்டார் என்று விமானிகள் கொண்டனர். சந்தியை இதோ கடந்துவிடுகிறோம் என்று நன்றியும் கூறினர். அந்த நன்றி தமக்குரியதன்று என்பதைச் செரோக்கியின் விமானி திருத்திக் கூறவில்லை. கிங் எயர் புறப்படுவதாக அறிவியாமலே ஓடத் தொடங்கியது. பாதைகள் வெட்டும் இடத்தில் இரண்டும் மோதுண்டன.

விசாரணை நடத்திய தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, பொது அலைவரிசையைச் செவ்வையாகக் கேளாமலும், பிற விமானங்களைக் கண்ணால் முறையாகத் தேடாமலும் புறப்பட்டது கிங் எயரில் இருந்தோரின் பிழை என்று முடிவு செய்தது. செரோக்கியிலிருந்து வந்த இடையறுந்த மறுமொழியையும், அதனைப் பிறழ உணர்ந்ததையும் துணைக்காரணமாகக் கூறிற்று. முடிவு நேர்மையானதே. எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். கோபுரம் உள்ள இடத்தில், கட்டளையைத் திருப்பிச் சொல்லுமாறு விமானியைக் கேட்க ஒருவர் உண்டு. குரல் மாறினாலும் பெயர் மாறினாலும் அவர் தடுத்துவிடுவார். கோபுரமில்லாத இடத்தில், பேசுவோரும் கேட்போரும் ஒருவருக்கொருவர் அந்த அலுவலராக வேண்டும். இன்னார்தான் பேசினார் என்று உறுதி செய்வதற்கு வேண்டியது ஒரேயொரு மறு கேள்வி. தரை 200 அடிக்குள் நெருங்கிவிட்ட வேளையில் அந்த ஒரு கேள்விக்கும் நேரம் கிடைப்பதில்லை.

விழித்திருந்து பார்த்தும் பேசியும் பயன்படாத வேளையும் உண்டு. கலிபோர்னியாவின் உவாட்சன்வில் நகரசபை விமான நிலையமும் கோபுரமின்றி இயங்கி வந்ததே. 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆம் நாள், அங்கே செஸ்னா 152 என்னும் சிறு விமானத்தில் ஒருவர் தனியே முறையான சுற்றிலே வந்துகொண்டிருந்தார். இருவர் வந்த செஸ்னா 340 என்னும் இரட்டை எஞ்சின் விமானம், சுற்றில் சேராமல் நெடுந்தொலைவிலிருந்தே நேர்க்கோட்டில் இறங்க வந்தது. அவ்வாறு வருதல் சட்டத்தால் தடுக்கப்பட்டதன்று. ஆனால் அது மணிக்கு 180 கடல்மைல் அளவான வேகத்தில் வந்தது. இறங்கும் விமானத்துக்கு அது மிகையான வேகம். சிறு விமானத்தில் இருந்தவர், மற்றது தம்மை விரைந்து நெருங்குவதை உணர்ந்து, இறங்காமல் மீண்டும் மேலேறப் போவதாக அறிவித்தார். சில நொடிகளில் இரண்டும் மோதி மூவரும் மாண்டனர். நாற்பக்கச் சுற்று வேகத்தையும் சமன்செய்வதற்கென்றே ஏற்பட்டது. எல்லாரும் ஒரே வழியால் ஏறக்குறைய ஒரே கதியில் வந்தால், முன்னே செல்பவரைப் பின்னே வருபவர் காண இயலும். நேரே வருபவர் அச்சலுகையை எடுத்துக்கொள்ளும்போது, சுற்றில் இருப்பவர்களின் நேரத்தையே எடுத்துக்கொள்கிறார்.

உள்ளூர் விதி என்பது விமானிகளுக்கு மட்டும் உரியதன்று. குவின்சியில் மோதல் நிகழ்ந்த பின்னும், பீச்கிராஃப்ட் விமானத்தில் இருந்த பன்னிருவரும் உயிரோடிருந்தனர் என்பது விசாரணையில் தெளிவாயிற்று. இரண்டு விமானங்களும் ஒன்றோடொன்று பிணைந்து தீப்பற்றின. நிலையக் கட்டடத்தில் இருந்த சிலர் ஓடிச் சென்றனர். விமானி அறையிலிருந்து, கதவைத் திறவுங்கள் என்று ஒரு குரல் அவர்களுக்குக் கேட்டது. அவர்கள் முயன்றனர், கதவு இறுகியிருந்தது, திறக்கவில்லை. தீயணைப்போர் நகரத்திலிருந்து வரவேண்டியிருந்தது. முப்பதுக்கு மேற்பட்ட இருக்கைகளுடைய விமானங்கள் வரும் வேளையிலேயே தீயணைப்போர் நிலையத்தில் ஆயத்தமாய் நிற்கவேண்டும் என்பது அந்நாளைய சட்டம். இவ்விமானத்தில் இருந்தவை 19 இருக்கைகளே. நாளுக்குச் சிலமுறை வரும் சிறு விமானங்களுக்காகத் தீயணைப்போரைச் சம்பளம் கொடுத்து நிறுத்திவைத்தல் சிறு நகரசபைகளால் தாங்கவியலாத செலவு என்பது நெடுநாள் வாதம். அதனை முற்றும் பொய்யென்று தள்ளிவிடவும் முடியாது.

தீயணைக்கும் ஏற்பாடு போதாமையும், கதவு திறவாமையும் உயிரிழப்பை மிகுவித்தன என்று சபை தன் அறிக்கையிற் பதிந்தது. 2004ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் விதியைத் திருத்தியது. ஒன்பதுக்கு மேற்பட்டு முப்பது வரை இருக்கைகளுள்ள விமானங்கள் கால அட்டவணைப்படி வந்துபோகும் நிலையங்களும் சான்றிதழ் பெறவேண்டும் என்றாயிற்று. தீயணைப்புக்கு என்ன ஏற்பாடு, அதனை யார் செய்வர் என்பதை அந்நிலையங்கள் தத்தம் கைந்நூலில் எழுதி அரசாங்கத்தின் ஒப்புதலைப் பெறவேண்டியதாயிற்று. குவின்சி நிலையத்தில் இன்றும் கோபுரம் இல்லை.